கொங்கு நாட்டில் இருந்து கடலுக்கு அடியில்: முதல் ஸ்கூபா டைவிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று நம்ம பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் கடல் கிடையாது. ஆனாலும் கோவாவுக்கோ அந்தமானுக்கோ போகிற குடும்பம், கம்பெனி டூர் போகிற பசங்க, புதுசாகக் கல்யாணமான ஜோடி எல்லாருமே இப்போது ஒரு தடவையாவது ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்கு அடியில் போய் வருவது, பண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்கிறவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். லைசென்ஸ் வாங்குகிற கோர்ஸ் பற்றிய பக்கம் இல்லை இது. முன் அனுபவமே இல்லாதவரை ஒரு இன்ஸ்ட்ரக்டர் கூடவே அழைத்துப்போய்க் காட்டிவிட்டுக் கூட்டி வருகிற சின்ன டைவ் பற்றி மட்டும். முழுசாகப் படிக்க நேரமில்லை என்றால் மூச்சு பற்றியும் காது பற்றியும் இருக்கிற இரண்டு பதில்களையாவது படித்துவிட்டுப் போங்கள்.

மொத்தத்துல என்னதானுங்க நடக்கும்?

அரை நாள் வேலை. முதலில் ஒரு மெடிக்கல் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அப்புறம் கரையிலோ படகிலோ உட்கார வைத்து, எப்படி மூச்சு விடுவது, காதை எப்படிச் சரிசெய்வது, கையால் என்னென்ன சைகை காட்டுவது என்று சொல்லித் தருவார்கள். அடுத்து, நின்றால் கால் எட்டுகிற ஆழத்திலோ நீச்சல் குளத்திலோ கொஞ்சம் பழக்குவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான டைவ். தண்ணீருக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம். முதல்முறை வருகிறவர்களை 12 மீட்டருக்கு, அதாவது 40 அடிக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது என்பது விதி. நிறைய இடங்களில் 6, 7 மீட்டரோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவே தாராளம், வெளிச்சமும் மீனும் அங்கேதான் அதிகம்.

நீச்சல் தெரியாதுங்க. போகலாமுங்களா?

போகலாம். நம்ம நாட்டில் பெரும்பாலான இடங்களில் நீச்சல் தெரியாதவர்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மிதப்பதையும் இறங்குவதையும் இன்ஸ்ட்ரக்டரே நீங்கள் மாட்டியிருக்கிற மிதவை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்வார். ஆனால் முகம் தண்ணீருக்குள் போனாலே பதறுகிற ஆளாக இருந்தால் நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் பக்கத்தில் இருக்கிற நீச்சல் குளத்தில் கொஞ்ச நாள் இறங்கி, தலையை முக்கி வாயால் குமிழி விட்டுப் பழகுங்கள். கீழ்பவானி வாய்க்காலிலும் காலிங்கராயன் வாய்க்காலிலும் போய்ப் பழக வேண்டாம். தண்ணீர் திறந்துவிட்ட நேரத்தில் அந்த இழுப்பு பழகியவர்களையே கொண்டுபோய்விடும்.

சின்ன வயசுல இருந்து கிணத்துல முங்கிப் பழக்கமுங்க. மூச்சு நல்லா அடக்குவேன். எனக்கு ஈஸியா இருக்குமில்லைங்க?

நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயமே இதுதான். கவலை ஓட்டிய (மாடு கட்டித் தண்ணீர் இறைத்த) காலத்துக் கிணறுகளில் சுரைப்புருடையோ பிளாஸ்டிக் கேனோ முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகி, அப்புறம் மேட்டில் இருந்து குதித்து, அடியில் கிடக்கிற கல்லையோ காசையோ எடுத்து வருகிறவன்தான் கெட்டிக்காரன் என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்: மூச்சை அடக்குவது. ஸ்கூபாவில் எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கக் கூடாது.

ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. கிணற்றில் நீங்கள் மேலே, சாதாரணக் காற்றில், ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு முங்குகிறீர்கள். கீழே போகப் போக அழுத்தம் கூடுவதால் நுரையீரலில் இருக்கிற காற்று சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே திரும்பும். இழுத்ததைவிட அதிகமாக விரியவே முடியாது. ஸ்கூபாவில் நீங்கள் மூச்சு இழுப்பதே கீழே வைத்து. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2 மடங்கு. சிலிண்டரில் இருந்து ரெகுலேட்டர் (வாயில் கடித்துக்கொண்டு மூச்சு இழுக்கிற கருவி) வழியாக வருகிற காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று மேற்பரப்பில் 2 மடங்கு இடம் கேட்கும். நுரையீரலில் அவ்வளவு இடம் இல்லை. கிழிந்து, காற்று ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆழமான இடத்தில்தான் இப்படி ஆகும் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் வேகமாக மாறுவது மேலே இருக்கிற கடைசி சில மீட்டரில்தான், ஒன்றரை மீட்டர் தண்ணீரில்கூட முழு மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் காயம் ஆகலாம்.

மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் இந்த ஆபத்து இல்லை, செய்ய வேண்டியது அவ்வளவுதான். வாயால் நீளமாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள். குமிழிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதில் கிணற்றுக்காரர்களைவிட நீச்சலே தெரியாத நம்ம வீட்டுப் பெண்கள் சீக்கிரம் பழகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை.

காது வலிக்குமாமே?

சரிசெய்யாமல் இறங்கினால் கட்டாயம் வலிக்கும். ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கல்லாறு வருவதற்குள் காது அடைத்து, எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்குமே, அதே சங்கதிதான். ஆனால் அளவு வேறு. கிட்டத்தட்ட 1,900 மீட்டர் மலை முழுக்க இறங்கும்போது ஏற்படுகிற அழுத்த மாற்றம், கணக்குப் போட்டுப் பார்த்தால், கடலில் சுமார் 2 மீட்டர் இறங்கினாலே வந்துவிடுகிறது. பஸ்ஸில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது, தண்ணீரில் சில நொடிதான்.

அதனால் வலி வருகிற வரை காத்திருக்காதீர்கள். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடியிருக்கிற மாஸ்க்குக்கு மேலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக ஊதுங்கள். இரண்டு காதும் லேசாகத் திறப்பது தெரியும். தலை தண்ணீருக்குள் போன உடனே ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை. திறக்கவில்லையா, பலமாக ஊதாதீர்கள், செவிப்பறையும் உள்காதும் கெட்டுப்போகும். காதைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினால் ‘பிரச்சினை’ என்று இன்ஸ்ட்ரக்டருக்குப் புரியும். அரை மீட்டர் மேலே கூட்டிப்போவார், அங்கே திரும்ப முயற்சி செய்யலாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், மாத்திரையின் வேகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே இறங்கிவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

சிலிண்டர்ல இருக்கறது ஆக்சிஜன்தானுங்க?

இல்லை. நாம் இங்கே சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான், வடிகட்டி, ஈரத்தை எடுத்து, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன்.

யாரு போகக்கூடாது?

கர்ப்பிணிகள் போகவே கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரலில் முன்பு ஏதாவது கோளாறு, காதில் ஓட்டை, சமீபத்தில் ஆபரேஷன், இதில் எது இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்காமல் இறங்கக் கூடாது. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 45 வயது தாண்டியவர்களுக்குப் படிவத்தில் தனியாகவே கேள்விகள் இருக்கும், புகைபிடிக்கிற பழக்கம், கொலஸ்ட்ரால் எல்லாம் கேட்பார்கள்.

அந்தப் படிவத்தை நம்ம ஆட்கள் நிரப்புகிற விதம்தான் எனக்கு வருத்தம். ‘ஆமாம்’ என்று ஒரு இடத்தில் டிக் பண்ணினாலும் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்கள், காசும் பயணமும் வீணாகிவிடும் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் படிவத்தைக் கொடுக்கிறவரே அப்படிப் போடச் சொல்வதும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அதே படிவம் இணையத்தில் கிடைக்கிறது, ஊரில் இருக்கும்போதே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அங்கே போய்த் திண்டாட வேண்டியதில்லை.

கண்ணாடி, மீசை, தாலிக்கொடி, நீள முடி… இதெல்லாம் என்ன பண்றது?

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் போட முடியாது. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடலாம். பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் குறைந்த பவர் உள்ளவர்கள் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

மீசை பெரிசாக இருந்தால் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு மேல் உதட்டில் ஒட்டாது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். மூக்குக்கு நேர் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ட்ரிம் பண்ணினால் போதும், முழுசாக எடுக்க வேண்டியதில்லை. எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ் வழியாக வெளியேறிவிடும், அதையும் சொல்லித் தருவார்கள்.

முடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள், ஒரு முடி மாஸ்க் விளிம்பில் மாட்டினாலும் ஒழுகும். மோதிரம், கொலுசு, வளையல் எல்லாம் ரூமிலேயே. விரல் தண்ணீரில் சுருங்கும்போது மோதிரம் கழன்று விழுவது சாதாரணமாக நடக்கிறது. தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராதவர்கள் வெட்சூட்டுக்கு (உடம்போடு ஒட்டி இருக்கிற டைவிங் உடை) உள்ளே விட்டு ஜிப்பை மேல்வரை இழுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. வெட்சூட் போட வெட்கமாக இருக்கிறது என்றால் உள்ளே லெக்கின்ஸும் முழுக்கை டி-ஷர்ட்டும் போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு நாளாக இருந்தாலும், உடம்புக்கு முடிந்தால், தடை எதுவும் இல்லை.

நம்ம ஊர்ல இருந்து எங்க போகலாம், எந்த மாசத்துல?

பணமும் நாளும் இருந்தால் அந்தமான். சென்னை வழியாக விமானத்தில் போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்), அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். தண்ணீர் தெளிவு, கரையில் இருந்தே நடந்து இறங்குகிற இடங்களும் உண்டு, படகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ரொம்ப வசதி.

ரயிலில் போகிற தூரத்தில் என்றால் என் ஓட்டு கர்நாடகாவில் முருடேஸ்வருக்கு எதிரே இருக்கிற நேத்ராணி தீவுக்குத்தான். கோவையில் இருந்து வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸில் மங்களூரு, அங்கிருந்து கொங்கண் ரயில் பாதையில் முருடேஸ்வர். தீவுக்குப் படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோவாவில் கிராண்ட் தீவு பக்கம் கூட்டிப்போகிறார்கள், தண்ணீர் பல நாள் கலங்கலாக இருக்கும், கூட்டமும் அதிகம். கோவளமும் புதுச்சேரியும் ஒரு ராத்திரிப் பயணம்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு, டைவிங்கே கிடையாது. ஆடிக்கு பவானி கூடுதுறையில் முங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபர் பாதியில் இருந்து மே வரை போகலாம், பொங்கல் லீவு நல்ல நேரம். புதுச்சேரிக்கு வடகிழக்குப் பருவமழை அடிக்கிற தீபாவளி சமயத்தில் போனால் ஏமாற்றம்தான், பிப்ரவரிக்கு மேல் போங்கள்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் பவளத் தீவுகள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, 21 தீவுகள். 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், இஷ்டத்துக்கு இறங்க முடியாது.

பீச்ல ரொம்பக் கம்மி ரேட்டுக்குக் கூப்பிடறாங்களே, அதுல போலாமுங்களா?

கம்மி ரேட் என்றால் எதையோ குறைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நேரத்தை, இல்லையென்றால் பழக்குவதை. படகில் இருந்து அப்படியே இறக்கி, ஒரு கம்பியையோ கயிற்றையோ பிடிக்க வைத்து, ஐந்து பத்து நிமிடம் போட்டோ எடுத்துவிட்டு மேலே தூக்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம்? எனக்கென்று ஒரு இன்ஸ்ட்ரக்டரா, அல்லது ஒருவரோடு எத்தனை பேர்? அவருக்கு பாடி (PADI) அல்லது எஸ்.எஸ்.ஐ. (SSI) என்கிற டைவிங் பயிற்சி அமைப்புகளின் இன்ஸ்ட்ரக்டர் கார்டு இருக்கிறதா, காட்ட முடியுமா? ஆழமில்லாத இடத்தில் முதலில் பழக்குவீர்களா? படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு முழிக்கிறவரிடம் போகாதீர்கள். மெடிக்கல் படிவமே இல்லை என்று சொல்கிற இடத்தில் வேறு எதையுமே கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

பேரம் பேசுவது நமக்குக் கைவந்த கலைதான், திருப்பூரில் பனியன் எடுக்கும்போது பேசுங்கள். இங்கே ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

முந்தின நாள் ராத்திரி, காலையில சாப்பாடு?

ராத்திரி சரக்கு வேண்டாம். உடம்பில் தண்ணீர் குறையும், வாந்தி வரும், பதற்றம் கூடும். கம்பெனி டூர் பசங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன், கோவா போன முதல் ராத்திரிக்கு அடுத்த காலையில் ஸ்கூபா புக் பண்ணாதீர்கள். காலையில் இரண்டு இட்லியோ கொஞ்சம் சந்தகையோ, இறங்குவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால். வெறும் வயிற்றோடு போனால் படகில் இன்னும் மோசமாகப் புரட்டும். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், சில மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும்.

உள்ள போன பிறகு பயம் வந்துட்டா?

வரலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அசைவதை நிறுத்துங்கள். இன்ஸ்ட்ரக்டரின் கையைப் பிடித்து அவர் கண்ணைப் பாருங்கள். நீளமாக மூன்று மூச்சு விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கட்டைவிரலை மேலே காட்டுங்கள், கூட்டி வந்துவிடுவார்.

இந்தச் சைகையைக் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் ‘சூப்பர்’ என்று அர்த்தம் இல்லை, ‘மேலே போகணும்’ என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். சந்தோஷத்தில் கட்டைவிரலை ஆட்டிவிட்டு, பாதியிலேயே மேலே வந்து நிற்கிறவர்கள் நிறைய.

இருமல் வந்தால் ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே இருமலாம். அது வாயில் இருந்து நழுவினாலும் பதறாதீர்கள், மஞ்சள் நிறத்தில் இன்னொன்று தொங்கும், இன்ஸ்ட்ரக்டர் எடுத்துக் கொடுத்துவிடுவார். நீங்களாக மேலே பாய்ந்து வருவதுதான் செய்யவே கூடாதது.

கீழ என்னதான் தெரியும்? சுறா வருமா?

சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், சிவப்புச் சட்டை பழுப்பாகத் தெரியும். அதனால்தான் முதலில் எல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்கிறதே என்று தோன்றும். கண் பழகியதும் பாறை இடுக்குகளைப் பாருங்கள். உக்கடம் மார்க்கெட்டில் ஐஸில் படுத்துக் கிடக்கிற களவாவும் சங்கராவும் சீலாவும் உயிரோடு எப்படித் திரும்புகின்றன, எப்படி நின்று நம்மைப் பார்க்கின்றன என்று பார்த்தால் அப்புறம் மீன் கடைக்குப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும். பவானிசாகர் கட்லாவும் ஜிலேபியுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் புதுசு, அமைதியாக இருந்தால் ‘கறுக் கறுக்’ என்று காதிலேயே கேட்கும். எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது, தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் மூளைக்குத் திசை பிடிபடுவதில்லை.

சுறா கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பாறைப் பக்கம் திரிகிற சின்னச் சுறாக்கள் ஆளைக் கண்டால் விலகிப் போகும். நிஜமாகவே பயப்பட வேண்டியது கையை வைக்கிற இடத்தில் இருக்கிற கடல் முள்ளெலிக்கும் கல் மாதிரியே கிடக்கிற மீனுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள், எதையும் தொடாதீர்கள்.

ஞாபகத்துக்கு ஒரு பவளத் துண்டு எடுத்துட்டு வரலாமுங்களா?

கூடாது. பவளம் கல் இல்லை, உயிர். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானைக்கும் புலிக்கும் கொடுத்திருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு கடின வகைப் பவளத்துக்கும் கடல் அட்டைக்கும் உண்டு. கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் தோண்டியபோது சங்கு அறுத்து வளையல் செய்த தடயம் கிடைத்தது, நம்ம பக்கத்துக்கும் கடலுக்கும் அவ்வளவு பழைய தொடர்பு இருக்கிறது. ஆனால் இப்போது தண்ணீர் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாகிற காலம், 2010-ல் அந்தமானில் நிறைய அழிந்தது. காலில் மாட்டுகிற ஃபின்ஸ் பட்டு ஒரு கிளை முறிந்தால் அது திரும்ப வளர வருஷக்கணக்கு ஆகும். மீனை வரவழைக்க பிஸ்கட், பிரெட் தூவுகிறவர்களையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முடிச்சுட்டு அன்னைக்கே கிளம்பிடலாமுங்களா?

விமானத்தில் கூடாது. கீழே இருக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகப் பிரியும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழிய வேண்டும், என் யோசனை 18 மணி நேரம் விடுங்கள்.

விமானம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், மலையும் கணக்கு. விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும், ஊட்டி இருப்பதே 2,240 மீட்டரில். முருடேஸ்வரில் மத்தியானம் டைவ் முடித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மைசூர், கூடலூர், ஊட்டி என்று காரில் ஏறி வருகிறவர்கள் விமானம் ஏறுவதற்குச் சமமான வேலையைத்தான் செய்கிறார்கள். திம்பம் வழியும் ஆயிரம் மீட்டருக்கு மேல் போகும். ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். அன்றைக்கே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால் கடலோரமாகவே மங்களூரு, கோழிக்கோடு, பாலக்காடு வழியில் பெரிய ஏற்றம் கிடையாது. மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் என்று ஏதாவது வந்தால் வழியில் எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாலும் ‘டைவிங் பண்ணினேன்’ என்பதை முதலில் சொல்லுங்கள், நம்ம பக்கத்து டாக்டர்கள் அதைச் சந்தேகிக்கக் காரணமே இருக்காது.

பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

10 வயது முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தாலும் பிள்ளையே ஆசைப்பட்டால் மட்டும். அழுகிற பிள்ளையை ‘ஒண்ணும் ஆகாது சாமி’ என்று சமாதானப்படுத்தி இறக்காதீர்கள். ஸ்நோர்க்கல் (தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிற குழாய்) மாட்டி மேலேயே மிதக்க விட்டாலும் நிறைய மீன் தெரியும்.

பிடிச்சுப் போச்சுங்க. அடுத்து என்ன பண்ணலாம்?

ஓப்பன் வாட்டர் என்கிற கோர்ஸ் இருக்கிறது. மூன்று நான்கு நாள் ஆகும், பாடத்தை ஊரில் இருந்தபடியே இணையத்தில் படித்து முடித்துவிட்டால் அங்கே தண்ணீரில் மட்டும் பழகினால் போதும். முடித்தால் துணைக்கு ஒருவரோடு 18 மீட்டர் வரை உலகில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். அதற்கு மட்டும் நீச்சல் கட்டாயம், 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்டச் சொல்வார்கள். கிணற்றில் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.